முள்ளம்பன்றி கட்டிய பரிசுப் பொட்டலம்

ஒரு காட்டில் மழைக்கு ஒழுகாத குகை ஒன்று காலியானது. எந்தக் காடு, எந்த மாவட்டம் என்றெல்லாம் குறுக்கே கேட்காதீர்கள். ஒழுகாத வீட்டுக்கு எங்கே அடித்துக்கொள்கிறார்களோ அது காடுதான்.

அந்தக் குகையில் இருந்த கரடிக் குடும்பம் தேன் அதிகமாகக் கிடைக்கிறது என்று வேறு மலைக்குப் போய்விட்டது. குகையை அடுத்து யாருக்குக் கொடுப்பது என்பது சிங்கத்தம்மாவின் கையில் இருந்தது. காட்டுக்கு ராஜா என்னவோ சிங்கம்தான். அவர் கர்ஜிப்பார், அவ்வளவுதான். முடிவெல்லாம் அம்மா. உங்கள் வீட்டிலும் அப்படித்தானே, விடுங்கள்.

குகையின்மேல் கோமளா என்ற முள்ளம்பன்றிக்கு ஒரு கண். முள்ளம்பன்றிக்கு யாராவது கோமளா என்று பெயர் வைப்பார்களா? பிறந்தபோது முள்ளெல்லாம் மெத்தென்று இருந்ததாம், பெற்றவர்கள் ஏமாந்துவிட்டார்கள். அவளுடைய வளை பள்ளத்தில் இருந்தது. போன மழையில் தண்ணீர் உள்ளே வந்து குட்டிகள் நனைந்தன. கடைக்குட்டி இருமி இருமிப் பிழைத்ததே பெரிய பாடு. மற்ற வீடுகளில் என்றால் அப்பா பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறி நிற்பார். முள்ளம்பன்றி அப்பா யாரை, எங்கே தூக்குவார்? இந்த மழை தொடங்குவதற்குள் அந்தக் குகை கிடைத்தே ஆகவேண்டும்.

அந்த நேரம் பார்த்து சிங்கத் தம்பதிக்குக் கல்யாண வெள்ளிவிழா வந்தது. காக்கை வீடு வீடாகப் போய் அழைப்பு வைத்தது. கடைசியில், ‘அன்பளிப்புகளைத் தவிர்க்கவும்’ என்று சொல்லிவிட்டுப் பறந்தது. அப்படியென்றால் பரிசு பெரிதாக இருக்கவேண்டும் என்று காட்டில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. விழா முடிவில் குகை யாருக்கு என்று அம்மா அறிவிப்பார் என்றும் பேச்சு அடிபட்டது.

கோமளாவுக்கு என்ன கொடுப்பது என்பதில் குழப்பமே இல்லை. பத்து நாளைக்கு முன்னால்தான் சிங்கத்தம்மா அவளை ஆற்றங்கரையில் தனியாகக் கூப்பிட்டுப் புலம்பியிருந்தாள்.

“ராத்திரி பூரா சொறிஞ்சிக்கிட்டே இருக்கார் கோமளா. பிடரி முழுக்கப் பேன். அவரும் தூங்கறதில்ல, என்னையும் தூங்க விடறதில்ல. ராஜாவாச்சே, வைத்தியர்கிட்ட போய்ச் சொல்ல முடியுமா? நீயும் யார்கிட்டயும் மூச்சு விடாத.”

கோமளா மூச்சு விடவில்லை. தன் உடம்பிலேயே மெல்லிய முட்களாகப் பார்த்துப் பிடுங்கினாள். வலிக்கத்தான் செய்தது. மூங்கில் பத்தை ஒன்றில் நெருக்கமாகச் செருகி, தேன்மெழுகு வைத்து இறுக்கினாள். அப்படி ஒரு பேன் சீப்பு எந்தத் திருவிழாக் கடையிலும் கிடைக்காது. முட்டைகூடத் தப்பாது.

“சபையில போய் பேன் சீப்பா குடுப்ப?” என்றார் அவள் புருஷன் ஏகாம்பரம்.

“சபையில யாருங்க பிரிச்சுப் பாக்கறா? அழகாப் பேக் பண்ணிக் குடுத்துட்டா, அவங்க வீட்டுக்குப் போய் தனியாப் பிரிப்பாங்க. விஷயம் எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். குகை வந்துரும்.”

“நல்லாக் கட்டினா சரி” என்றார் ஏகாம்பரம். புருஷர்கள் எப்போதாவது சரியாகச் சொல்வதுண்டு. அப்போது நாம் கேட்பதில்லை.

பரிசு கட்டிக் கொடுப்பதில் அந்தக் காட்டில் தூக்கணாங்குருவியை அடிக்க ஆள் கிடையாது. ஆலமரத்தில் கடை வைத்திருந்தது. பளபளத் தாள், சரிகை ரிப்பன் என்று கிளைக்குக் கிளை தொங்கும். ரிப்பனை அலகில் பிடித்து ஒரு இழு இழுத்தால் சுருள் சுருளாக நிற்கும். விழாவுக்கு முன்தினம் அங்கே வரிசை ஆற்றங்கரை வரைக்கும் நின்றது. டோக்கன் வேறு. நடுவில் குரங்கு புகுந்து, “ஒரே ஒரு சின்ன பாக்கெட்தான்” என்று பல்லைக் காட்டியது. எல்லாக் கடையிலும் அதற்கென்று ஒரு குரங்கு வரும்.

கோமளாவுக்கு முன்னால் நின்றது ஃப்ளோரா என்ற புனுகுப்பூனை. கொக்கு சிஸ்டர்கள் நடத்தும் ஏரிக்கரைக் கான்வென்டில் படித்தவள். தூரத்தில் வரும்போதே வாசனை வரும். அவளும் குகைக்கு விண்ணப்பம் போட்டவள்தான். அவளிடம் ஒரு பெட்டி இருந்தது. அதை அவளே வீட்டில் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். மூலை ஒவ்வொன்றும் இஸ்திரி போட்ட மாதிரி மடங்கியிருந்தது. செலோடேப் எங்கே ஒட்டியிருக்கிறது என்றே தெரியவில்லை. ரிப்பனில் பூ வைக்க மட்டும் கடைக்கு வந்திருக்கிறாளாம்.

“இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ கோமளா, லிப்ஸ்டிக் சரி பண்ணிக்கறேன். முள் படாம!”

கோமளா வாங்கினாள். காற்றைப் பிடித்த மாதிரி இருந்தது. லேசாக ஆட்டிப் பார்த்தாள். சத்தமே இல்லை.

“உள்ள என்ன ஃப்ளோரா?”

“அப்படியெல்லாம் கேக்கக் கூடாது, மேனர்ஸ் இல்ல.”

“ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கேடி!”

“காஸ்ட்லி சாமானெல்லாம் வெயிட்டே இருக்காது, உனக்கு எங்க தெரியப் போகுது” என்று ஃப்ளோரா பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

கோமளாவின் முறை வந்தது. தூக்கணாங்குருவி சீப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

“இதுக்கு மூலையே இல்லையேம்மா. ஒரு பக்கம் கட்டை, மறுபக்கம் முள்ளு. எப்படி மடிக்கறது? அட்டைப் பெட்டியில போட்டு எடுத்துட்டு வாங்க.”

“பெட்டிக்கு நான் எங்க போவேன்? நீங்களே ஒண்ணு குடுங்களேன்.”

“பெட்டி ஸ்டாக் இல்ல. கடைசிப் பெட்டி அந்த ஃப்ளோராம்மாதான் காலையில வாங்கிட்டுப் போனாங்க. அடுத்த டோக்கன்!”

கெஞ்சிக் கூத்தாடி ஒரு தாளும் ஒரு துண்டு ரிப்பனும் ஒரு செலோடேப்பும் வாங்கிக்கொண்டு கோமளா வீடு திரும்பினாள். நாமே கட்டிக்கொண்டால் ஆயிற்று என்று நினைத்தாள். வீட்டில் பரிசு கட்டிப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

முதலில் செலோடேப்பின் நுனி காணாமல் போனது. நகத்தால் சுரண்டிச் சுரண்டிக் கண்டுபிடித்தால் பாதி அகலம் மட்டும் கிழிந்துகொண்டு வந்தது. தாளை வெட்டினால் ஒரு பக்கம் ஒரு சாண் அதிகம், மறுபக்கம் ஒரு விரல் குறைச்சல். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் சீப்பு எட்டிப் பார்த்தது. இதற்கு நடுவில் கோமளா திரும்பும்போதெல்லாம் அவள் முள்ளே தாளில் குத்தியது.

“ஏங்க, சும்மா நிக்கறீங்களே, இந்த முடிச்சுல விரலை வைங்க!”

ஏகாம்பரம் வைத்தார். அவர் விரலையும் சேர்த்து முடிச்சு விழுந்தது.

“எடுங்க!”

“நீதானே வைக்கச் சொன்ன?”

“முடிச்சுப் போடற வரைக்கும்தான் வைக்கச் சொன்னேன், அங்கயே குடித்தனம் பண்ணவா சொன்னேன்?”

அவர் இழுத்தார். விரல் வந்தது, கூடவே தாளும் வந்தது. கிழிந்த இடத்தில் ஒரு தேக்கிலையை வைத்து ஒட்டினாள். குத்தின இடத்தில் இன்னொரு துண்டு. எல்லாம் முடிந்தபோது அந்தப் பொட்டலம் அடிபட்டு ஆஸ்பத்திரியிலிருந்து கட்டுப் போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருந்தது.

“மனசுதான் முக்கியம்” என்றார் ஏகாம்பரம்.

“சிங்கத்தம்மா மனசையா பிரிக்கப் போறாங்க? பேசாம இருங்க” என்றாள் கோமளா. அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாள் விழா. மேடையில் சிங்கராஜாவும் சிங்கத்தம்மாவும் மாலையோடு நின்றார்கள். போட்டோ எடுக்கப் பச்சோந்தி. ஒவ்வொருவராக மேடை ஏறி, பரிசை நீட்டி, பரிசு நன்றாகத் தெரிகிற மாதிரி போட்டோவுக்கு நின்று, இறங்கிப் பந்திக்கு ஓடினார்கள். பரிசுகளெல்லாம் பிரிக்கப்படாமல் பின்னால் மலையாகக் குவிந்தன. ஃப்ளோராவின் பெட்டியைக் கண்டதும் சிங்கத்தம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“எவ்வளவு நீட்டா இருக்கு! பிரிக்கவே மனசு வராது போலிருக்கே.”

“பிரிக்காதீங்க ஆன்ட்டி. அப்படியே ஷோகேஸ்ல வைங்க” என்றாள் ஃப்ளோரா. சொல்ல மாட்டாளா பின்னே?

அடுத்தது கோமளா. பொட்டலத்தை நீட்டினாள். சிங்கத்தம்மா வாங்கிக் கையை மூடினாள். உள்ளே இருந்த முள் சுருக்கென்று குத்தியது. அம்மா கையை உதற, ஒட்டுப் போட்ட பொட்டலம் ஒட்டு விட்டு, மேடை நடுவில் சீப்பு பளிச்சென்று விழுந்தது.

பந்தியில் மெல்லும் சத்தம் நின்றது.

“இது என்ன?” என்று கேட்டார் சிங்கராஜா.

பதிலைக் குரங்கு சொன்னது. “பேன் சீப்பு! ராஜாவுக்குப் பேன் சீப்பு!”

“எனக்கா பேன்?” என்று காடு அதிரக் கர்ஜித்தார் ராஜா. கர்ஜித்து முடித்த கையோடு, பாவம், பழக்கதோஷம், பிடரியை வறட்டு வறட்டென்று சொறிந்துகொண்டார். பச்சோந்தி போட்டோவும் எடுத்துவிட்டது.

சிங்கத்தம்மா கோமளாவை அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை என்பது போலப் பார்த்தாள். “எங்க வீட்டுல அந்த மாதிரி வழக்கமெல்லாம் கிடையாது” என்றாள், சபை முழுவதற்கும் கேட்கும்படி. பிறகு அங்கேயே குகை ஃப்ளோராவுக்கு என்று அறிவித்தாள். “ஒரு பெட்டியையே இவ்வளவு அழகாக் கட்டறவ, குகையை எவ்வளவு அழகா வெச்சிருப்பா!” கூட்டம் கைதட்டியது. சரியான வாதம்தானே? மாப்பிள்ளை வேட்டியைப் பார்த்துப் பெண் கொடுக்கிற ஊரில் இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

அன்று குவிந்த பரிசுகளில் குறை சொல்லப்பட்டது ஒன்றே ஒன்றுதான். பிரிந்ததும் அது ஒன்றுதான்.

இந்த இடத்தில் பழைய கதை என்றால், உண்மையான அன்பு ஒருநாள் ஜெயிக்கும், சிங்கத்தம்மா கண்ணீரோடு ஓடி வந்து கோமளாவைக் கட்டிக்கொள்வாள் என்று முடித்துவிடலாம். முள்ளம்பன்றியைக் கட்டிக்கொள்ள யார் வருவார்கள்? மேலே கேளுங்கள்.

வானம் இருட்டிக்கொண்டு வந்த ஒரு சாயங்காலம், சிங்கத்தம்மா முக்காடு போட்டுக்கொண்டு கோமளாவின் வளைக்கு வந்தாள். முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“கோமளா, அந்த சீப்பு பிரமாதம்டி. விழா முடிஞ்சதும் நானே பொறுக்கி எடுத்துட்டுப் போயிட்டேன். இப்ப அவர் நிம்மதியாத் தூங்கறார். எனக்குத்தான் ஏறிடுச்சு. இன்னொண்ணு செஞ்சு குடேன், இன்னும் நெருக்கமா.”

“செஞ்சுட்டாப் போச்சும்மா. அந்தக் குகை விஷயம்…”

“அய்யோ, அது எப்படி? உனக்குக் குடுத்தா, எதுக்குக் குடுத்தேன்னு கேப்பாங்களே? பேன் இருக்கறது நிஜம்னு ஆயிடாதா? நீ நல்லவ, புரிஞ்சுப்ப. இதையும் வெளிய சொல்லிடாத.”

முதல் தூறல் விழுந்தது. வளைக்குள்ளிருந்து கடைக்குட்டி இருமியது. கோமளா வளைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு முள்ளையெல்லாம் படியப் படிய மடக்கிக்கொண்டு, கை கட்டி, தேனாகப் பேசினாள்.

“நான் சொல்லுவேனாம்மா? செத்தாலும் என் வாயிலேர்ந்து வராது. என் கவலையெல்லாம் இந்தக் குட்டிங்களைப் பத்திதான். மழை வந்தா இங்க இருக்க முடியாது. ஒருநாள் யானை வீட்டுல ஒதுங்கும், ஒருநாள் குரங்கு வீட்டு மரத்தடியில ஒதுங்கும். பொழுது போகணுமே, எதையாவது பேசிக்கிட்டு இருக்கும். ‘எங்கம்மா சிங்கத்தம்மாவுக்கு ரெண்டாவது சீப்பு செய்யறாங்க’ன்னு வாய் தவறி வந்துட்டா? அதுவும் குரங்கு வீட்டுல! உங்க பேருக்கு ஒரு சின்னக் கீறல் விழுந்தாக்கூட என்னால தாங்க முடியாதும்மா. ஒழுகாத இடமா ஒண்ணு இருந்தா, மழை முடியற வரைக்கும் உள்ளயே வெச்சுக் கதவைச் சாத்திடுவேன். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். நீங்க நல்லா இருந்தாத்தானே நாங்க நல்லா இருப்போம்?”

அடடா, என்ன கட்டு! மூலை ஒவ்வொன்றும் மடங்கியிருந்தது, ஒட்டின இடம் தெரியவில்லை, மேலே சுருள் ரிப்பன் வேறு. சிங்கத்தம்மா வாங்கிக்கொண்டாள். மெதுவாகப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே இருந்தது சுருக்கென்று குத்தியது. இந்த முறை கையை உதற முடியவில்லை.

“எவ்வளவு நல்ல மனசுடி உனக்கு” என்றாள் சிங்கத்தம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு.

மறுநாள் காலை, கலையுணர்ச்சி உள்ளவர்களுக்கு வெளிச்சமும் காற்றும் அவசியம் என்று சொல்லி ஃப்ளோராவைக் குகையிலிருந்து எடுத்து மொட்டைப் பாறை உச்சிக்கு மாற்றினார்கள். ‘ஸோ ஸ்வீட் ஆஃப் யூ ஆன்ட்டி’ என்று சொல்லிக்கொண்டே ஃப்ளோரா நனைந்தாள். கோமளா குடும்பத்தோடு குகைக்குக் குடிபோனாள். மழை கொட்டித் தீர்த்தது. கடைக்குட்டி ஒரு இருமல்கூட இருமாமல் தூங்கியது.

நீதி: பரிசுப் பெட்டிக்குள் ஒன்றுமே வைக்காவிட்டாலும் பாதகமில்லை, மிரட்டலை மட்டும் ரிப்பன் கட்டாமல் யாரிடமும் நீட்டாதீர்கள்.