மிளகு பாயும் கஞ்சி காய்ச்சிய இடிமுகனும்

உலகத்தில் சூப்பர் ஹீரோ காமிக்ஸை மிளகு பாய் அளவுக்கு நம்பியவர் எவரும் கிடையாது. அவற்றை எழுதிப் பிழைத்தவர்கள்கூட அவ்வளவு நம்பியிருக்க மாட்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், நான் பக்கத்திலிருந்து பார்த்தவன்.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு மலைமேல் செம்மேட்டில் ஆபீஸ் உத்தியோகம். பாய் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்காரர். வாரச் சந்தைக்கு மலையேறி வந்து மிளகு வாங்குவார். வாங்குவார் என்பது பேச்சுக்கு. சாக்குமேல் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, காமிக்ஸ் படிப்பார். மூட்டையோடு வந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

"செத்த இருங்க சாமி. இப்பத்தான் கோட்டைச் சுவத்துகிட்ட போயிருக்கறான். உடைச்சுப்போட்டு வரட்டும், மூட்டையைப் பிரிக்கலாம்."

கோட்டையை உடைக்கப் போனவன் இடிமுகன். முஷ்டியை மடக்கினால் வானம் இடிக்கும். கரும்பூதன் என்கிற கொடியவனின் கோட்டையை ஒரே குத்தில் பொடியாக்கிவிட்டுப் பறந்து போவான். அட்டை பிய்ந்த அந்தப் புத்தகத்தைப் பாய் கோணி ஊசியால் சணல் போட்டுத் தைத்து வைத்திருந்தார். புரட்டினால் மிளகு நெடி ஏறித் தும்மல் வரும்.

இந்தப் பைத்தியத்துக்கு ஒரு ஜோடி இருந்தது. அதே மலையில் தேவனூர் நாட்டுப் பொன்னுசாமி. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றிய விவசாயி. பாய் படித்து முடித்ததும் அவர் வாங்கிப் படிப்பார். பிறகு இருவரும் டீக்கடையில் உட்கார்ந்து, மழையில் நனைந்தால் இடிமுகன் பறப்பானா மாட்டானா என்று அரை நாள் வாதாடுவார்கள். பாய்க்கு இடிமுகனைப் பற்றிப் பேச உலகத்திலேயே அந்த ஒரு ஆள்தான்.

அப்படி இருந்தவர்களுக்கு நடுவில் வந்து விழுந்தது இரண்டாம் பாகம்: 'மீண்டும் இடிமுகன்'.

சேலத்தில் வாங்கி, பஸ்ஸிலேயே படித்து முடித்துவிட்டுப் பாய் செம்மேட்டில் இறங்கினார். எழவு வீட்டிலிருந்து வருகிற முகம். கதை இதுதான். இடிமுகனுக்கு வயதாகிவிடுகிறது. தலை நரைத்து, இடுப்பு பிடித்துக்கொள்கிறது. பழைய எதிரி கரும்பூதன் படுத்த படுக்கையாகக் கிடக்கிறான், பார்க்க நாதியில்லை. இடிமுகன் போய்க் கஞ்சி காய்ச்சி அவனுக்கு ஊட்டுகிறான். கடைசிப் பக்கம் வரைக்கும் ஊட்டுகிறான். ஒரு குத்து? ம்ஹூம்.

"சார், நாயத்தை நீங்களே சொல்லுங்க. கஞ்சி காய்ச்சறதுக்கு எதுக்குங்க இடிச் சக்தி? அடுப்பு பத்தாதா?" என்று என்னிடம் பொரிந்தார்.

பொன்னுசாமி இரவல் வாங்கிப் போய்ப் படித்துவிட்டு, அடுத்த சந்தையன்று டீக்கடைக்குச் சிரித்த முகமாக வந்தார். "ஏனுங்க பாய், எனக்கு மொதல் பாகத்தைவிட இதுதானுங்க புடிச்சிருக்குது. குத்தறது யாரு வேணும்னாலும் குத்துவாங்க. குத்து வாங்குனவனுக்கு ஊட்டோணும்னா மனசு வேணுமுங்க."

"உனக்கு மிளகைத் தவிர என்ன தெரியும்?"

"உங்களுக்கு அதுவும் தெரியாதுங்களே!"

டீக்கடையே சிரித்துவிட்டது. கெட்டது குடி. "அந்தக் கருமத்தை நீயே வெச்சுக்க. இனி எங்கிட்டப் பேசாதே!" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பாய் எழுந்துவிட்டார்.

பேச்சு நின்றதே தவிர வியாபாரம் நிற்கவில்லை. மாட்டுத் தரகர்களைப் போல அவர்களுக்குத் துண்டு வியாபாரம்தான் வழக்கம். கைகளின்மேல் துண்டைப் போட்டு மூடி, அடியில் விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். வாயே தேவையில்லை. பாய் பஸ் ஸ்டாண்டைப் பார்ப்பார், பொன்னுசாமி மலையைப் பார்ப்பார், கை மட்டும் துண்டுக்கடியில் கோத்திருக்கும். பிடிக்காத கல்யாணத்தில் மாட்டிக்கொண்ட மாப்பிள்ளையும் பெண்ணும் தோற்றுப்போவார்கள். சந்தையே வேடிக்கை பார்க்கும்.

ஆனால் மூட்டை கட்டி முடிந்ததும் பாய் சும்மா உட்கார்ந்திருப்பார். புதிதாக வாங்கிய காமிக்ஸ் பிரிக்காமலே கிடக்கும். "படிக்கலையா பாய்?" என்றால், "படிச்சு யார்கிட்டச் சொல்றதுங்க?" என்பார். எனக்கே பாவமாக இருந்தது. சமாதானம் பேசப் போனால் இருவரும் சேர்ந்து என்னை விரட்டினார்கள். அதில் மட்டும் ஒற்றுமை.

மிளகு பறிக்கிற பருவம் வந்தது. ஏணி சறுக்கி, பொன்னுசாமி சில்வர் ஓக்கிலிருந்து கீழே விழுந்தார். கால் முறிந்து, கட்டுப் போட்டு வீட்டில் கிடத்தியிருந்தார்கள்.

அது நோன்பு மாதம். நாமக்கல் போய்விட்டு மலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். காளப்பநாயக்கன்பட்டியில் பாய் பஸ் ஏறினார். மடியில் பெரிய தூக்குச் சட்டி, நிறைய நோன்புக் கஞ்சி. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அதைக் கைக்குழந்தையாக அணைத்துக்கொண்டு சாய்ந்தார். நோன்பு திறக்கும் நேரத்துக்கு ஒரு பேரீச்சம்பழமும் மிடறு தண்ணீரும். கஞ்சியைத் தொடவில்லை.

"பாய், வாசம் தூக்குதே. எனக்கொரு வாய்?" என்றார் கண்டக்டர்.

"ரோட்டைப் பாருங்க!"

"ரோட்டை டிரைவர் பார்க்கறாருங்க."

"அப்ப டிக்கெட்டைப் பாருங்க!"

வழித்துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு பொன்னுசாமி வீட்டுக்குப் போனார். வாசலிலேயே பொன்னுசாமியின் மனைவியிடம் அறிவித்தார். "அம்மா, கஞ்சி கொண்டாந்திருக்கறேன். உங்க ஊட்டுக்காரரோட எனக்குப் பேச்சு கெடையாது. குடுத்துட்டுப் போறதுக்குத்தான் வந்தேன்."

உள்ளே போனால் பொன்னுசாமிக்கு நிமிர்ந்து உட்காரவே முடியவில்லை, விழுந்ததில் தோளும் பிசகியிருந்தது. பாய் தூக்குச் சட்டியைத் திறந்தார். பிறகு கட்டிலோரம் உட்கார்ந்து, அவர் தலையைத் தாங்கிப் பிடித்து, கரண்டியை நீட்டினார். "ம், வாயைத் தொற."

மூன்றாவது வாய்க்குப் பொன்னுசாமி சிரிக்க ஆரம்பித்தார். கால் வலி உயிர் போகிறது, சிரிப்பும் நிற்கவில்லை.

"எதுக்குச் சிரிக்கறே?"

"ஏனுங்க பாய், நீங்க இப்ப எத்தனாவது பக்கத்துல இருக்கீங்க?"

கரண்டி அந்தரத்தில் நின்றது. பாய் என்னைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். முகம் போன போக்கை எழுத எனக்குத் திறமை போதாது. "இது… இது நோன்புக் கஞ்சி. அது வேற கஞ்சி!"

"அப்ப நாந்தான் கரும்பூதனுங்களா?"

"மூஞ்சி அப்படித்தான் இருக்குது. எங்கே அந்தப் புத்தகம்? எடு."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் புத்தகம் என்று முதல் பக்கத்திலிருந்து படித்தார். நடுவில் ஊட்ட மறந்தார். பொன்னுசாமி வாயைத் திறந்தபடி காத்துக் கிடந்தார். முடித்ததும் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிளகுத் தூசி என்றார். பிறகு, "கதை சரியாத்தான் எழுதியிருக்கறான். இருந்தாலும் போகும்போது ஒரு குத்தாவது உட்டிருக்கலாம்" என்றார்.

"கஞ்சி ஊட்டிப்போட்டுக் குத்துவாங்களா? உங்களுக்குக் கதையே புரியலீங்க!"

"எனக்கா புரியலே? இடிமுகனை உனக்குக் காட்டுனதே நானு!"

இருவரும் கத்த ஆரம்பித்தார்கள். அந்த அம்மா பயந்துபோய் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க சார், மறுக்காவும் சண்டைங்களா?"

"ஆமாம்மா, சண்டைதான்" என்றேன். இனி அரை நாள் ஆகும் என்று தெரியும், கஞ்சி ஆறாமல் இருக்கச் சட்டியை மூடி வைத்தேன்.