கீழ விழாத சாமானை நம்பாத டொப்பண்ணே

கிள்ளான் டவுன்ல வீடியோ கேம் சாமான் விக்கிறவன் எத்தனையோ பேரு இருக்கான். ஆனா விக்கிறதுக்கு முன்னாடி, வாங்க வந்தவன் கண்ணு முன்னாலேயே அதை சிமெண்டுத் தரையில போட்டுப் பாக்குற மனுஷன் இந்த உலகத்துலேயே ஒருத்தர்தான். எங்க டொப்பண்ணே. வேற எங்கேயாச்சும் இன்னொருத்தர் இருந்தா சொல்லுங்க, நான் மீசையை எடுத்துடுறேன். மீசை சரியா வளரலைங்கிறது வேற விஷயம்.

அவரோட நெசப் பேரு யாருக்கும் தெரியாது. சாமான் கீழ விழுந்தா 'டொப்'புனு சத்தம் வருமே, அதான் பேரு. லிட்டில் இந்தியாவுல ஒரு பூக்கடைக்கு மேல மாடியில அவரு கடை. செங்குத்தா ஒரு மரப்படி. மேல டொப்புனு கேட்டா, கீழ பூ கட்டுற அக்கா நிமிந்துகூடப் பாக்காது. "கஸ்டமர் வந்துருக்கான் போல"ன்னு சொல்லிட்டு அடுத்த முடிச்சைப் போடும்.

நான் மொத தடவை போனப்ப இது தெரியாது. "அண்ணே, ஒரு கன்ட்ரோலர் வேணும்"னேன். ஒண்ணை எடுத்தாரு, தோள் உயரத்துக்குத் தூக்குனாரு, கையை விட்டாரு. டொப்! நான் ஒரு அடி தள்ளிக் குதிச்சேன்.

"அண்ணே! என்னண்ணே பண்றீங்க?"

"செக் பண்றேன் தம்பி."

குனிஞ்சு எடுத்தாரு. காதுகிட்ட வெச்சு ஆட்டுனாரு. கண்ணை மூடிக்கிட்டு ஒவ்வொரு பட்டனா அமுக்குனாரு, என்னமோ பிள்ளைக்கு வயித்து வலின்னு டாக்டர் அமுக்குற மாதிரி. அப்புறம், "ம்ம். தாங்கும். எடுத்துட்டுப் போ"ன்னாரு.

"இல்லண்ணே, புதுசா பெட்டியோட இருந்தா கொடுங்களேன்."

"புதுசுன்னா என்னா? இன்னும் கீழ விழாத சாமான். அவ்ளோதான். அதை நம்பி எப்படி உன் கையில கொடுக்கிறது?"

அப்படியே ஒடஞ்சுட்டாலும் கவலைப்பட மாட்டாரு. "என் கையில ரோசாக் ஆனது நல்லதாப் போச்சு. உன் வீட்டுல ஆயிருந்தா என்னைத்தானே ஏசுவ?"ன்னு சிரிச்சுக்கிட்டே ஒரு வாளியில போட்டுடுவாரு. எல்லாம் பழைய சாமான்தானே, எங்கேர்ந்து வந்ததுன்னும் பாப்பாரு. நாலஞ்சு பசங்க அடிச்சுக்கிட்டு வளர்ற வீட்டுல இருந்து வந்த கன்ட்ரோலர்னா கண்ணுல ஒத்திக்குவாரு. பங்சார் பக்கம் பணக்காரக் கொண்டோ வீட்டுல இருந்து வந்துச்சுன்னா மூஞ்சியைச் சுளிப்பாரு. "கார்ப்பெட்டுல வாழ்ந்ததுலா இது. வெளி உலகம் தெரியாது."

இப்ப என் கதைக்கு வர்றேன். என் கையில எதுவும் நிக்காது. இது பிறவி நோயி. போன், கிளாஸ், சாவி, சட்னிக் கிண்ணம், எல்லாம் என் கைக்கு வந்தா தரைக்குப் போற வழியிலதான் இருக்கும். கல்யாணத்துல தாலியை என் கையில கொடுத்த ஐயரு, கட்டி முடிக்கிற வரைக்கும் அதுக்குக் கீழ தன் கையை ஏந்திக்கிட்டே இருந்தாரு. யாரோ மொதல்லயே போட்டுக் கொடுத்துட்டான்.

நான் பாக்குற வேலையைக் கேட்டா சிரிப்பீங்க. முட்டை லோரி ஓட்டுறேன். ஓட்டத்தான் விடுவாங்க, தட்டைத் தூக்க விட மாட்டாங்க. பின்னால அவ்வளவு முட்டை இருக்கே, நாள் பூரா ஊர்ந்துக்கிட்டுத்தான் போவணும். சைக்கிள்ல போற ஆன்டி என்னை ஓவர்டேக் பண்ணிட்டுத் திரும்பிப் பாக்கும். சாயந்தரம் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்து டிவியில கார் ரேஸ் கேமைப் போட்டாத்தான் நானும் ஒரு டிரைவர்னு எனக்கே ஞாபகம் வரும். அந்த ஒரு மணி நேரம் இல்லைன்னா நானும் ஒரு முட்டைதான்.

ஆனா ரேஸ்ல தோத்தா கை வேர்க்கும், கை வேர்த்தா கன்ட்ரோலர் வழுக்கும், வழுக்குனா டொப். ஒடஞ்சதையெல்லாம் தூக்கிக்கிட்டு கிள்ளானுக்கு ஓடுவேன். ஒரு தடவை, "அண்ணே, நான் ஸ்டிக்கைத் தொடாமலே காரு தானா இடது பக்கம் இழுத்துக்கிட்டுப் போயி கடல்ல விழுதுண்ணே"ன்னேன். பிரிச்சுப் பாத்தாரு. மாட்டி ஓட்டிப் பாத்தாரு.

"ஸ்டிக் நல்லாத்தான் இருக்கு. நீ ஓட்டுறதே அப்படித்தான். ஏண்டா, முட்டையையும் இப்படித்தான் ஓட்டுறியா?"

இன்னொரு தடவை ஒரு பட்டன் அமுங்கலை. மூடியைக் கழட்டுனவரு சாமணத்தால எதையோ தூக்கி வெளிச்சத்துல காட்டுனாரு. நெத்திலி. நாசி லெமாக் சோத்துல வர்ற நெத்திலி, தலையோட.

"சம்பலும் இருக்குடா உள்ள. ஒரு முட்டையும் இருந்தா பொட்டலம் கட்டி தாபாவ் பண்ணிக் கொடுத்துருவேன்."

கடைசியில என் வீட்டுக்காரி விமலா பொறுமை இழந்துட்டா. கன்ட்ரோலரை அவ ரிமோட்டுன்னுதான் சொல்லுவா. "இங்க பாருங்க. இன்னொரு ரிமோட்டு ஒடையட்டும், அந்த கேம் பெட்டி, வயரு எல்லாத்தையும் மூட்டை கட்டி கேரி தீவுல இருக்கிற என் தம்பிக்கு அனுப்பிடுவேன். அவன் கையாச்சும் கை மாதிரி இருக்கும்." விமலா சொன்னா செய்வா. என் மீன் தொட்டி இன்னிக்கும் கேரி தீவுலதான் இருக்கு.

டொப்பண்ணேகிட்ட ஓடிப் போயி அழுதேன். ரொம்ப நேரம் யோசிச்சவரு, உள்ளேர்ந்து ஒரு கறுப்புக் கன்ட்ரோலரை எடுத்துட்டு வந்தாரு. மூலையெல்லாம் தேஞ்சு, பெயிண்டு போயி, பழைய மீன் கத்தி மாதிரி இருந்துச்சு. "இது கேப்டன். ஆம்பளைப் பசங்க நெறஞ்ச வீட்டுல, நாய் கடிச்சும் பொழைச்சு வந்தவன்." தோள் உயரத்துல இருந்து டொப். தலைக்கு மேல இருந்து டொப். நாற்காலி மேல ஏறி நின்னு டொப். கீழ பூக்கடை அக்கா, "எத்தனை பேருடா வந்துருக்கீங்க?"ன்னு கத்துச்சு. கேப்டனுக்கு ஒண்ணும் ஆவல.

நானும் விடல. கேப்டனைக் கயித்தால மணிக்கட்டுல கட்டிக்கிட்டுத்தான் விளையாடுவேன். பாக்க, நாயை நடக்கக் கூட்டிட்டுப் போறவன் மாதிரி இருப்பேன். ஆனா மாசக்கணக்கா கேப்டன் தாங்குனான்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை, சார்ஜ் குத்துற ஓட்டை லூசாயிடுச்சுன்னு கொண்டு போனேன். டொப்பண்ணே சரி பண்ணிக் கொடுத்துட்டு, "வாடா, சூடா ஒரு தே குடிச்சிட்டு வரலாம்"னாரு. வெளியில மழை. கடைக்கு வந்துட்டுப் போனவங்க காலு பட்டு படியெல்லாம் ஈரம். அவரு கைலியும் ஜப்பான் சிலிப்பருமா முன்னால இறங்குறாரு. நான் பின்னால, கையில கேப்டன். கயிறு வீட்டுல.

பாதிப் படியில அவரு சிலிப்பர் வழுக்குச்சு.

சத்தியமாச் சொல்றேன், நான் எதையும் யோசிக்கல. யோசிச்சிருந்தா ரெண்டையும் போட்டிருப்பேன். கேப்டனை விட்டுட்டு ஒரு கையால அவரு சட்டைக் காலரையும் இன்னொரு கையால இடுப்புக் கைலியையும் பிடிச்சுட்டேன். பாதி அந்தரத்துல தொங்கிக்கிட்டு மனுஷன் கத்துறாரு:

"டேய்! என்னை விடுடா! அதைப் பிடிடா!"

கேப்டன் படிப்படியா இறங்குறான். டொப். டொப். டொப். பூக்கடையைத் தாண்டுனான், ரோட்டுக்குப் போனான், அந்த நேரம் பாத்து ஒரு தேங்காய் லோரி வந்துச்சு. அந்தச் சத்தம் டொப் இல்ல.

"இன்னிக்கு யாவாரம் ஜோரு போல"ன்னுச்சு பூக்கடை அக்கா.

டொப்பண்ணே கிழிஞ்ச காலரோட படியில உக்காந்தாரு. ரோட்டையே பாத்துக்கிட்டிருந்தாரு. "லோரி வெச்சு நான் செக் பண்ணதே இல்லடா"ன்னாரு, துக்க வீட்டுல பேசுற குரல்ல.

எனக்கு அழுகையே வந்துடுச்சு. "அண்ணே, பெட்டி கேரி தீவுக்குப் போயிடும்ண்ணே. நான் முட்டையாவே செத்துடுவேன்ண்ணே."

"போனைக் கொடு"ன்னாரு. கொடுக்கிறப்ப அதையும் கீழ போட்டேன். எடுத்துத் துடைச்சு விமலாவுக்கு அடிச்சாரு.

"தங்கச்சி, நான் கிள்ளான் கடையில இருந்து பேசுறேன். கேப்டன் போயிட்டான்மா. ஆமா, ரோசாக். உன் புருஷன்தான் கீழ போட்டான்."

போச்சுடா, இவரே மூட்டை கட்டிக் கொடுத்துட்டாருன்னு நான் தலையில கை வெச்சேன்.

"ஆனா என்னைப் போடலம்மா"ன்னாரு. படியில வழுக்குனதைச் சொன்னாரு.

அந்தப் பக்கம் விமலா குரல் எனக்கே கேட்டுச்சு. "உங்களுக்கு அடி கிடி ஒண்ணும் படலையேண்ணே?"

"ஒரு கீறல் இல்லம்மா."

"அப்ப நல்ல ரிமோட்டா ஒண்ணு பாத்துக் கொடுத்தனுப்புங்க. கயித்தை நான் கட்டிக்கிறேன்."

திரும்ப மேல ஏறினோம். ஆணியில மாட்டியிருந்த ஒண்ணை எடுத்தாரு. எனக்குத்தான் பழக்கமாச்சே, தள்ளி நின்னு கண்ணை மூடி, காதைப் பொத்திக்கிட்டேன். சத்தம் வரல. கண்ணைத் தொறந்தா, மனுஷன் கிழிஞ்ச சட்டையால அதைத் துடைச்சுக்கிட்டிருக்காரு. துடைச்சு, ரெண்டு கையாலயும் எடுத்து என் கையில வெச்சாரு.

"கீழ போட்டுப் பாக்கலையாண்ணே?"

"வேணாம்."

"தாங்குமா?"

அவரு கன்ட்ரோலரைப் பாக்கவே இல்ல. என் கையைத்தான் பாத்தாரு. "தாங்கும்லா"ன்னாரு.

அதுக்கப்புறம் வீட்டுல போன் விழுந்துச்சு, சட்னி விழுந்துச்சு, நானே ஒரு நாள் நாற்காலியோட விழுந்தேன். அந்தக் கன்ட்ரோலர் மட்டும் இன்னும் விழல. ஆனாலும் சனிக்கிழமையானா கிள்ளானுக்குப் போயிடுறேன். வாங்க ஒண்ணும் இல்ல. அவரு தே குடிக்க இறங்குறப்ப, ஒரு படி முன்னால, அவரு பக்கம் திரும்பிக் கையை ஏந்திக்கிட்டு, யாராச்சும் இறங்கணும்ல.