கிணற்றில் போட்ட சேர்மன் பதவி

அன்றைக்கு அந்தத் தோப்பில் இருந்தவர்கள் நான்கு பேர். தோல் வியாபாரியும் நகராட்சிக் கவுன்சிலருமான காதர் ராவுத்தர், ஆத்தூர்த் தோப்புக்காரர் சவரிமுத்து, வாடகைப் பிளசர் கார் ஓட்டி வந்த சின்னச்சாமி, நான். என் அக்கா புருஷன் அங்கே இல்லை. இருந்திருந்தால் இதை எழுத நான் மிஞ்சியிருக்க மாட்டேன்.

மச்சானும் கவுன்சிலர்தான். சேர்மன் நாற்காலி மேல் அவருக்குத் தீராத ஆசை. ஐம்பதுகளின் கடைசியில் சேர்மனைக் கவுன்சிலர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். அதனால் முதல் நாளே ஆளாளுக்குத் தங்கள் பக்கத்துக் கவுன்சிலர்களைத் தோப்புக்கும் தோட்டத்துக்கும் கடத்திப்போய்ப் பத்திரப்படுத்துவது வழக்கம். ராவுத்தரை விட்டுவிட்டு எண்ணினால் இரண்டு பக்கமும் சமமாக நின்றது. ராவுத்தர் ஓட்டு விழுந்தால் மச்சான் சேர்மன். அந்த ராவுத்தரைக் காக்கும் பொறுப்பு எனக்கு. (எட்டாவதோடு படிப்பை விட்டவனுக்கு வேறு என்ன பொறுப்பு தருவார்கள்?)

"கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்க மாப்ளே. காலையில பத்து மணிக்குக் காரு வரும், பதினொன்னுக்கு ஓட்டு" என்றார் மச்சான்.

கண் போதாது என்று எனக்குப் பட்டது. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள் நான். வீட்டிலிருந்த மாங்காய்ப் பூட்டை எடுத்துப்போனேன். எங்கள் ஊர்ப் பூட்டு. தன் சாவியைத் தவிர எதற்கும் வாய் திறக்காது. வார்டுக் கூட்டங்களில் மச்சானே இதைச் சொல்லிக் கைதட்டு வாங்குவார்.

மறுநாள் காலை ஒன்பதரை மணி. ராவுத்தர் தோப்புக் கிணற்றடி மோட்டார் அறைக்குள் இட்லி தின்றுகொண்டிருந்தார். தூரத்தில் புழுதி, அதற்குள் ஒரு கார். பத்து மணிக்கு வர வேண்டிய கார் ஒன்பதரைக்கு வருமா? (வாடகைக் கார் எந்தக் காலத்தில் முன்னால் வந்தது?) எதிர்ப்பக்கத்து ஆட்கள்தான். கதவைச் சாத்திப் பூட்டினேன். சாவி கையில் சுட்டது. அடித்தால் இரண்டாவது அடியில் கொடுத்துவிடுவேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும். ஆகவே அதைக் கிணற்றில் போட்டேன்.

காரிலிருந்து சின்னச்சாமி இறங்கி, மச்சான் சீக்கிரமே அனுப்பிவிட்டதாகச் சொன்னான்.

உள்ளேயிருந்து ராவுத்தர் கேட்டார்: "யாரப்பு வந்தது?"

"நம்ம காருதான் பாய்."

"பெறகு தெற."

"சாவி கெணத்துல கெடக்கு பாய்."

"பூட்டு நம்ம ஊரு பூட்டா?"

"ஆமா பாய்."

"அப்பச் சரி. இனி எலெக்சன் முடிஞ்ச மாதிரிதான். அந்தச் சட்னியவாச்சும் சன்னல் வழியாக் குடு."

சவரிமுத்து கடப்பாரையால் பூட்டை அடித்தார். கடப்பாரைதான் வளைந்தது. கடைசியில் சுவரைக் குடைந்து நிலையைப் பெயர்த்தோம். கதவு வந்தது, நிலை வந்தது, பாதிச் சுவரும் வந்தது. பூட்டு மட்டும் பூட்டியபடியே கிடந்தது.

சுண்ணாம்புத் தூசியோடு ராவுத்தர் நகராட்சி வாசலில் இறங்கியபோது மணி பதினொன்றரை. ஓட்டு சமமாகிச் சீட்டுக் குலுக்கியிருந்தார்கள். வந்தது எதிராளி பேர்.

மச்சான் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினார்: "எனக்கு நீ ஓட்டு வாங்கித் தர வேணாம் மாப்ளே. கெடைச்ச ஓட்ட வெளிய விட்டிருக்கலாம்ல?"

அறுபதுகளிலும் அவர் கவுன்சிலராக இருந்தார். சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் மல்லுக்கட்டினார். சேர்மன் மட்டும் ஆகவேயில்லை. இன்றும் நான் வீட்டைப் பூட்டினால் அக்கா மகள் கேட்பாள்: "மாமா, உள்ள கவுன்சிலர் யாரும் இல்லையே?"

சவரிமுத்து பார்க்கும்போதெல்லாம் கதவுக் காசு கேட்கிறார். பூட்டியவன் கொடுக்கட்டும் என்கிறார் மச்சான். தேர்தல் செலவு நின்றவரோடது என்கிறேன் நான். நாற்பத்திரண்டு ரூபாய், இன்னும் பாக்கி.