காற்றடித்த கண்

திண்டுக்கல்லிலேயே பெண்டாட்டிக்குத் தோற்காத ஆம்பிளை நான் ஒருத்தன்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். சொல்லிக்கொண்டே தனியாகச் சமைத்துச் சாப்பிட்டேன். என் மனைவி பழனியம்மாள் குஜிலியம்பாறையில் அப்பன் வீட்டில் இருந்தாள்.

சண்டை என் சட்டையால் வந்தது. நான் லாரி ஷெட்டில் வேலை பார்க்கிறேன். அங்கே புதிதாகக் காற்று மிஷின் வந்திருந்தது. ஆள் பக்கம் குழாயைத் திருப்பாதே, காற்றை அடைத்துவிட்டுக் கழற்று என்று மிஸ்திரி தினமும் கத்துவார். நான் சாயந்திரமானால் குழாயை என் மேலேயே பிடிப்பேன். தூசியெல்லாம் பறந்து, புது மாப்பிள்ளையாக வீடு திரும்புவேன்.

"இரும்புத் துருவையே பேத்தெடுக்குற காத்து அது. கண்ணுல பூந்தா என்னாகும்?" என்றாள்.

"காத்து என்னடி செய்யும்?"

"அதை மேல அடிக்கிறதை விட்டாத்தான் வருவேன்" என்று பஸ் ஏறிவிட்டாள்.

அவள் போன மறுநாளே விட்டுவிட்டேன். ஆனால் அதைச் சொல்லி அனுப்ப என் மீசை இடம் கொடுக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் சோறு இறங்கவில்லை. மூக்குத்தியைத் திருகிக்கொண்டே என்னைத் திட்டுவாளே, அந்த முகம்.

ஒரு திட்டம் போட்டேன். காற்றடித்துக் கண்ணில் மண் பாய்ந்துவிட்டதாகக் குஜிலியம்பாறை பஸ் கண்டக்டர் சடையாண்டியிடம் சொல்லி அனுப்பினேன். இரண்டு கண்ணையும் துணியால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். திரும்பி வந்த பஸ்ஸிலேயே வந்துவிட்டாள்.

"ரொம்ப எரியுதா?" குரல் நடுங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கொடியில் கிடந்த சட்டையை எடுத்து உதறினாள் போலிருக்கிறது. எனக்குத் தும்மல் வந்தது.

"ஏங்க, இந்தச் சட்டைக்குக் காத்தடிக்கையிலதான கண்ணுல மண்ணு பட்டுச்சு?"

"ஆமா."

"காத்தடிச்ச சட்டையில இம்புட்டு மண்ணு எப்படி இருக்கும்?"

நான் இன்னொரு தடவை தும்மினேன்.

"அப்ப நாஞ் சொன்னதை எப்பவோ கேட்டுட்டீக."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடிச்சில் கை வைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவுக்காதீக. அங்க கடலை பறிப்பு. கண்ணு தெரியாத மனுசனுக்குத் துணைக்குன்னுதான் எங்க அய்யா என்னைய விட்டாரு. கண்ணு நல்லாயிருச்சுன்னா அடுத்த பஸ்ஸுல போயிருவேன். பறிப்பு முடிஞ்சுதான் வருவேன்."

ஏங்கிக் கிடந்த முகம் எட்டித் தொடும் தூரத்தில் இருந்தது. முடிச்சை நானே இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.