சி.பி.யு. மேல் படுத்த பூனை

"மறுபடியும் அணைஞ்சிருச்சுங்க" என்றாள் அமுதவல்லி.

செம்மல் வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு ஓடி வந்தார். மானிட்டர் கறுத்துக் கிடந்தது. பக்கத்தில் நின்ற சி.பி.யு. பெட்டியின் மேல் சீனி சுருண்டு படுத்திருந்தது. சீனி அந்த வீட்டுப் பூனை. பெட்டியின் கதகதப்பு அதற்குப் பிடித்துப்போய்விட்டது.

"எறங்குடி! ஒன் முடிதான் உள்ள போயி ஃபேன அடைக்குது."

சீனி ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டெண்டாக இருபத்தாறு வருஷமாக ஓட்டிவருபவருக்கு வீட்டில் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மஸ்கட்டிலிருந்து மகள் தேவிப்ரியா வீடியோவில் வருவாள். அங்கே அவளுக்கு நர்ஸ் வேலை. மற்ற நாட்களில் செம்மல் பள்ளிக்குக் கிளம்பிய பிறகு அம்மாவும் மகளும் பேசிக்கொள்வார்கள். அவருக்கு வாய்த்தது வாரத்தில் அந்த ஒரு வெள்ளிக்கிழமை. போனில் பார்க்கலாமே என்றால், கண் ஆபரேஷன் ஆன அமுதவல்லிக்கு அதில் பிள்ளை முகம் மங்கலாகத்தான் தெரியும். அதற்காகவே பெரிய மானிட்டராகப் பார்த்து வாங்கியிருந்தார்.

முதல் வேலையாக, ரெக்சின் துணியில் உறை தைத்து வாங்கி வந்து பெட்டிக்கு மாட்டினார். ஒரு மணி நேரத்தில் பெட்டி தோசைக்கல்லாகச் சுட்டு, அணைந்தது. கதகதப்பு கூடிப்போன சந்தோஷத்தில் சீனி அதன்மேல் மல்லாந்து படுத்துக்கொண்டது.

உறையைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் பீரோவின் மேல் ஏற்றினார். இப்போது டைப் அடிக்க ஸ்டூல் போட்டு ஏற வேண்டியிருந்தது. சீனிக்கு ஸ்டூல் தேவைப்படவில்லை. ஒரே தாவு.

வியாழக்கிழமை பஞ்சர் கடையில் காற்றடிக்கும் பம்பை இரவல் வாங்கி வந்தார். பெட்டியைக் கீழே இறக்கி, பின்பக்க ஓட்டையில் பம்பை வைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு அடி அடியென்று அடித்தார். ஒன்பது தும்மல் வந்தது.

"வெளிய வந்ததக் காட்டிலும் உள்ள போனதுதாங்க ஜாஸ்தி" என்றாள் அமுதவல்லி.

அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் அணையும் பிரச்சினையே இல்லை. எரிந்தால்தானே அணைய!

செம்மலுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. சீனியைக் காய்கறிக் கூடையில் வைத்து, மேலே துண்டைக் கட்டி, டூவீலரில் கந்தர்வக்கோட்டைப் பக்கம் தங்கை ராசாத்தியின் முந்திரிக் காட்டுக்குக் கொண்டுபோனார். வழி முழுக்க அது கத்திக்கொண்டே வந்தது. இறக்கிவிட்டபோது கத்தவில்லை. அவர் செருப்பின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. திரும்பி வரும்போது அவருக்கு அழுகை வந்தது. மறைக்க என்ன இருக்கிறது, வந்தது.

வீட்டில் அமுதவல்லி பழக்க தோஷத்தில் பூனைத் தட்டில் பால் ஊற்றிவிட்டு நின்றாள்.

"பிள்ள தூக்கி வளத்த பூன. கேட்டா என்னங்க சொல்லுவீங்க?"

"பிள்ளையப் பாக்கணுமா, பூனையப் பாக்கணுமா, நீயே சொல்லு."

அவள் பால் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை மெக்கானிக் அரவிந்த்குமார் வந்து பெட்டியைத் திறந்து உட்கார்ந்தபோதே நாலேமுக்கால். சரியாக ஐந்துக்கு செம்மலின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏன்ப்பா ஆன்லைன்ல காணோம்? சீனி எங்க, சத்தத்தையே காணோம்?"

செம்மல் போனுக்குக் குனிந்தார். "அது... அத்தை வீட்டுக்குப் போயிருக்கும்மா. அது முடி உள்ள போயித்தான் கம்ப்யூட்டர் படுத்திருச்சு. ஒன் மொகத்தப் பாக்க முடியாமப் போயிருமோன்னு பயந்துட்டேன். அதான் கொண்டுபோயி விட்டுட்டேன்."

"சார்" என்று அரவிந்த்குமார் பெட்டிக்குள்ளிருந்து தலையை நிமிர்த்தினான். "பூன முடி ரெண்டு மூணு இழைதான் கெடக்கு. அடைச்சது அது இல்ல. ஃபேன் பூரா மாவு மாதிரி வெள்ளையா அப்பியிருக்கு. இங்கிட்டு உக்காந்து யாரும் பவுடர் போடுறீங்களா?"

செம்மல் மனைவியைப் பார்த்தார். அமுதவல்லி முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முகத்தில் துடைக்க ஒன்றும் இல்லை.

போனில் தேவிப்ரியாவின் குரல் மெதுவாக வந்தது.

"சீனியக் கூட்டியாந்துருங்கப்பா, அம்மாவையும் ஒண்ணும் சொல்லாதீங்க. தெனமும் டூட்டிக்குக் கெளம்பையில நாந்தான் நெத்தியக் கேமராகிட்டக் கொண்டுபோயிக் காட்டுவேன், அம்மா அங்கருந்து விபூதிய ஊதிவிடுவாங்க."