மூன்று பள்ளிகளை எடைபோட்ட காதை

வாழ்க எடைக்கல் ஆய்வாளர்! கசாப்புத் தராசுகளின் காலன், பெட்ரோல் பங்க்குகளின் பேரிடி, ஐம்பது கிராம் குறைத்து விற்கும் காய்கறிக் கடைக்காரர்களின் கனவிலும் நுழைந்து முத்திரை கேட்கும் பெருந்தகை, தம் வீட்டுச் சர்க்கரையையே நிறுத்துப் பார்த்த பின்புதான் தேநீரில் இடுகின்ற நேர்மைக்கடல், ஒரே மகளை முதல் வகுப்பில் சேர்க்கும் பொருட்டு அந்தச் சிறுநகரின் மூன்று அரசுத் தொடக்கப் பள்ளிகள்மீதும் படைநடத்திய வரலாற்றைச் சொல்லப் புகுகிறோம். கேட்போர் கைபேசிகளை அணைத்து அமைதி காக்க.

போருக்கு வித்திட்டது கல்வி அலுவலகம் வெளியிட்ட ஒரு பக்கத் தேர்ச்சிப் பட்டியல். குன்றுப் பள்ளி 91.4, குளத்தோரப் பள்ளி 91.1, தண்டவாளப் பள்ளி 90.8. சிற்றறிவினர் இதைப் படித்தால் மூன்றும் ஒன்றுதான் என்று பேசாமல் இருந்துவிடுவார்கள். ஆய்வாளர் சிற்றறிவினர் அல்லர். முதலிடத்துக்கும் கடைசி இடத்துக்கும் நடுவே வாய்பிளந்து கிடந்த அந்தப் புள்ளி ஆறு என்னும் பாதாளத்தில் தம் மகளின் எதிர்காலம் தலைகுப்புற விழுவதை அவர் கண்ணாரக் கண்டார்.

தண்டவாளப் பள்ளியோ அவர் வீட்டுக்கு நேர் பின்னால் இருந்தது. அதன் மணி அடித்தால் அவர்கள் சமையலறைப் பாத்திரம் அதிரும். மாடி வீட்டுச் சிறுமி அங்கே சேர்ந்தாயிற்று. அவளும் ஆய்வாளரின் மகளும் ஜன்னலோரம் யாருக்கு என்பதைக்கூடச் சண்டையிட்டு முடித்திருந்தார்கள்.

“என்னங்க, பின்னாடி இருக்கற ஸ்கூல்லயே போட்டுடுங்க,” என்றார் மனைவி. அவர் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு ஆறரை மணிக்கே கிளம்புகிறவர். “மாடி அக்கா ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன்னுட்டாங்க.”

ஆய்வாளர் எழுந்தார், நாற்காலி நடுங்கியது. “தொண்ணூறு புள்ளி எட்டிலா என் மகள்? இந்தக் கையில் தராசு இருக்கும்வரை அது நடவாது!”

“கத்தாதீங்க. வீட்டுல ஏதோ மீட்டிங்னு நெனைச்சுக்கப் போறாங்க.”

மூன்று வாரம் விடுப்பெடுத்து, தோளில் அரசு முத்திரையிட்ட கொக்கித் தராசும், இடையில் அளவு நாடாவும், மார்பில் நான்கு நிறப் பேனாக்களும் துலங்க, மதங்கொண்ட களிறு கரும்புத் தோட்டத்தில் நுழைவதுபோல் அவர் பள்ளிகளுக்குள் நுழைந்தார். வாயிலில் மறித்துப் புத்தகப் பைகளை நிறுத்தார். குடிநீர்க் குழாயின் உயரத்தைத் தம் மகளின் தாடையோடு ஒப்பிட்டார். கழிப்பறைத் தாழ்ப்பாள்களை நாற்பது முறை போட்டுத் திறந்தார். மணியடிக்கும் தாமதத்தை நொடிக்கணக்கில் குறித்தார். குளத்தோரப் பள்ளியில் ஜன்னலடியில் நாடாவும் கையுமாகக் குந்தியிருந்தவரைத் தலைமையாசிரியை பிடித்தார்.

“அப்பாடா, வந்துட்டீங்களா இன்ஜினியர் சார்! இந்த விரிசலுக்கு மூணு வருஷமா மனு எழுதிட்டு இருக்கோம்.”

மாவீரர் மறுக்கவில்லை. விரிசலையும் அளந்தார்; அரை மதிப்பெண் கழித்தார்.

இப்படியாக நூற்றுப் பதினான்கு அளவைகளைக் கூட்டிக் கழித்து, வகுத்து, நான்கு நிறத்தில் அடிக்கோடிட்டபோது, குன்றுப் பள்ளி தண்டவாளப் பள்ளியை 0.02 புள்ளியில் வீழ்த்தி வாகை சூடியது. வெற்றியைத் தந்தது அதன் முதல் வகுப்பு ஆசிரியையின் குரல். முப்பத்தெட்டு மீட்டர் தாண்டி, வெளிவாயில்வரை அட்சரம் பிசகாமல் வந்து சேர்ந்த வெண்கலக் குரல். அக்குரலின் காலடியில் தம் மகளை ஒப்படைப்பதென்று உறுதிபூண்டு, கெடு முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் விண்ணப்பத்தைச் செலுத்தினார் ஆய்வாளர்.

“அப்போ நான் அவகூடப் போக முடியாதா?” என்றாள் மகள், மாடியைக் காட்டி. வரலாறு இத்தகைய கேள்விகளுக்கு நின்று விடை சொல்வதில்லை.

பள்ளி திறந்தது. மாடி வீட்டுச் சிறுமி செருப்பை மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியே ஓடிப் போனாள். ஆய்வாளரும் மகளும் இரண்டு பஸ் மாறி, நூற்றுப் பன்னிரண்டு படி ஏறி, வியர்வையில் குளித்துக் குன்றின் உச்சியை அடைந்தார்கள். வாயிலில் நின்று செவிசாய்த்தார். வகுப்பிலிருந்து யாரோ மெல்லப் பேசுவது ஈயின் ரீங்காரமாகக் கேட்டது.

“அந்த சத்தமா பேசற டீச்சரா?” என்றார் காவலாளி. “அவங்க இந்த வருஷம் தண்டவாளப் பள்ளி சார். சின்ன ஊருதானே, மூணு ஸ்கூல் ஒண்ணாங்கிளாஸுக்கும் சேர்த்து மூணே டீச்சர். வருஷா வருஷம் சுத்தி விடுவாங்க. ஊருக்கே தெரியுமே, நீங்க யாரையும் கேக்கலையா?”

தாழ்ப்பாள்களைக் கேட்டிருந்தார், குழாய்களைக் கேட்டிருந்தார், சுவரின் விரிசலைக் குனிந்து கேட்டிருந்தார். வாயுள்ள ஒருவரையும் கேட்கவில்லை.

மகள் அவருடைய இரண்டு விரல்களை இறுகப் பிடித்திருந்தாள். “அப்பா, இங்க எனக்கு யாரையுமே தெரியாது,” என்றாள். அழவில்லை, தகவலாகத்தான் சொன்னாள். தராசுகளின் தலைவர், முத்திரைகளின் முதல்வர், புள்ளி பூஜ்ஜியம் இரண்டின் பெருவெற்றியாளர், அண்டம் அதிரும்படி அறைகூவல் ஒன்றை விடுப்பதற்காக வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, காவலாளியிடம் தாழ்ந்த குரலில் ஏதோ விசாரித்தார்.

மாறுதல் விண்ணப்பம் கல்வி அலுவலகத்தில் மதியம் இரண்டு மணிக்கு மேல் தருவார்கள்.