ஒன்பதாம் அறையின் பிறைமேசைப் போர்

பசைக்கறை படிந்த பத்துவிரற் செல்வி, இருபத்தாறு ஆண்டு மூக்குநீர்ப் பெருவெள்ளத்தை ஒற்றைக் கைக்குட்டையால் அணைகட்டிய பெருமாட்டி, டெக்சஸ் சமவெளிப் பள்ளியொன்றில் தனிக்கவனம் வேண்டும் பிள்ளைகளுக்குரிய ஒன்பதாம் அறையின் கோமகள், ஆசிரியை வெர்லீன் டப்ஸ் வாழி! அவள் காத்த பிறைமேசை வாழி!

நிலாத்துண்டாய் வளைந்த அம்மேசையின் குழிவில், எட்டு வயதுச் சொல்லறியாச் செல்வன் டோபின் வீற்றிருப்பான். வேறெங்கு அமர்த்தினும் தலையைத் தரையில் மோதுவான். அக்குழிவிலோ மரம் மூன்று பக்கமும் அணைக்க அடங்கியிருந்து, சென்ற செவ்வாயன்று தன் கையாலேயே கரண்டி பற்றி ஆப்பிள் கூழை வாய்சேர்த்தான். இமயத்தில் வில் பொறித்த வேந்தரும் அன்று வெர்லீன் கொண்ட செருக்கைக் கொண்டாரில்லை.

மாநிலமோ ஆண்டுதோறும் தேர்வு மதிப்பெண்களை எடைபோட்டுப் பள்ளிக்கோர் எழுத்தை முடியாய்ச் சூட்டும். இப்பள்ளிக்கு வாய்த்தது 'பி'. 'ஏ' என்னும் மணிமுடிக்கு ஏங்கி இளைத்த துணைத் தலைமையாசிரியர் கேரிக் ஹோலப், தேர்ச்சிக்கு இரண்டே மதிப்பெண் குறைந்து நின்ற பதினான்கு பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, அவர்க்கெனத் தனிவகுப்பு கண்டு, அவ்வகுப்புக்குப் பிறைமேசையே தகுமெனத் துணிந்து, ஆநிரை கவர்வார்போல் வெட்சி சூடி, தள்ளுவண்டியே தேராக, இடுப்புச் சாவிக்கொத்தே முரசாக, ஒன்பதாம் அறையை முற்றுகையிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். பரீட்சைக்கு ஆறே வாரம். மேசை எனக்கு வேணும்."

"எம்புள்ளைங்க எதுல உக்காருவாங்க சார்?"

"உங்ககிட்ட இருக்கறது ஆறு பேர். அவங்க மார்க்கு அந்த எழுத்தை ஏத்தவும் ஏத்தாது, இறக்கவும் இறக்காது. கணக்குலயே வரமாட்டாங்க."

"மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து பாருங்க சார், கணக்குல வர்றாங்களா இல்லையான்னு சட்டையில தெரியும்" என்றாள், மாவுக்கட்டி பிசைந்துகொண்டிருந்த உதவியாளர் மரிசெலா.

மூண்டது போர். ஒருதலை ஹோலப், மறுதலை மகளிர் இருவர். பாற்கடல் கடைந்த நாளில் மந்தரமலை பட்ட பாட்டை மேசை பட்டது. கால்கள் பிளிறின. வண்ணக்குச்சிகள் அம்புமாரியெனப் பொழிந்தன. நடுவே டோபின் காதைப் பொத்தினான். நெற்றி தரைநோக்கித் தாழ்ந்தது. மரிசெலா மேசையை விட்டுப் பாய்ந்து, நெற்றிக்கும் தரைக்கும் இடையே தன் உள்ளங்கையை வைத்தாள்.

தனித்து நின்ற வெர்லீன், நொச்சி சூடிய கோட்டைக்காவலர் நாணும்படி, முழங்கால் வலியையும் மதியாது மேசைமேல் ஏறி அமர்ந்து, அலமாரியிலிருந்து நீலநிறக் கோப்பினை உருவினாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் இன்னது செய்வோமெனப் பள்ளி எழுதிக்கொடுத்து, பெற்றோரும் ஒப்பிய, சட்டத்துக்குக் கட்டுப்பட்ட கோப்பு அது.

"கேட்டுக்குங்க சார்! பதினொண்ணாம் பக்கம், நாலாவது வரி: 'டோபின் பிறைமேசையில் அமர்த்தப்படுவான்.' அவங்கம்மா கையெழுத்து இருக்கு, என் கையெழுத்து இருக்கு, படிக்காமப் போட்ட உங்க கையெழுத்தும் இருக்கு. மேசை இந்த வாசப்படியைத் தாண்டட்டும், வக்கீல் உங்க வாசப்படியை மிதிப்பாரு!"

ஹோலப் கோப்பை வாங்கினார். பதினொன்றாம் பக்கத்தைப் படித்தார். பன்னிரண்டைப் படித்தார். முதற்பக்கத்துக்கு வந்து, விரல்வைத்துக் கடைசிவரை மெல்லப் படித்து, மூடிக்கொடுத்து, வெறுந்தேர் உருட்டிப் புறங்காட்டினார்.

"அவ்வளவு நேரம் என்னத்த டீச்சர் தேடினாரு?"

"தோத்த மனுசன். எதையாவது படிச்சிட்டுப் போகட்டும் விடு."

பரணி பாடத்தக்க அவ்வெற்றியை ஆறு பிள்ளைகளும் மேசையைத் தட்டி முழக்க, செங்களம் கண்ட வெர்லீன் வண்ணக்குச்சிகளைப் பொறுக்கி டப்பாவில் அடைத்தாள்.

கோப்பில் மேசையைப் பற்றித்தான் எழுதியிருந்தது, உதவியாளரைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்பதால், மறுநாள் காலை ஹோலப் வந்து மரிசெலாவைத் தனிவகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார்.